குழாயில் கேட்காத பாஸ்

என் பாஸ் கிடாரில் முன்பு மூன்று நாப்கள் இருந்தன. இரண்டு சத்தத்துக்கு, ஒன்று டோனுக்கு. வாங்கிய நாளிலிருந்து நான் சத்தத்தை மட்டும்தான் திருகியிருக்கிறேன். டோன் நாப் எங்கே நின்றதோ அங்கேயே துருப்பிடித்து நின்றது. இப்போது ஐந்து நாப்களும் இரண்டு ஸ்விட்சுகளும் இருக்கின்றன. எது என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால் பாதிக்குத்தான் பதில் சொல்வேன். மீதி எனக்கே இன்னும் புரியவில்லை.

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கிறேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், சர்ச்சுக்குப் பின்தெருவில். ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுவுக்குப் பாஸ் கிடார் வாசிப்பேன். என் மனைவி அதே குழுவில் ஆல்டோ பாடுவாள். ஆல்டோ என்பது எல்லோரும் பாடுகிற மெட்டுக்குக் கீழே, அதோடு ஒட்டியும் ஒட்டாமலும் போகிற இரண்டாவது குரல். தனியாகக் கேட்டால் வேறு ஏதோ பாட்டு மாதிரி இருக்கும். மெட்டு வேறு விடாமல் தன் பக்கம் இழுக்கும். அதனால் ஆல்டோக்காரர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும். இவள் பிடித்துக்கொண்டது என் பாஸை. "உங்க தும் தும் காதுல விழுந்துக்கிட்டே இருக்கணும், இல்லன்னா நான் சறுக்கிருவேன்" என்பாள். எந்தப் பண்டிகையானாலும் என் ஆம்ப் பெட்டிக்குப் பக்கத்து இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

போன மழைக்காலத்தில் வீட்டுப் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் நிஜமாகவே சறுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. மதுரையில் ஆபரேஷன் செய்து, தகடு வைத்து, பல மாதத்துக்கு நடக்கக் கூடாது என்று அனுப்பினார்கள். நான் கம்பெனிக்குப் போகிற நேரங்களில் பக்கத்து வீட்டு அக்காதான் வந்து பார்த்துக்கொண்டார். அந்த அக்கா சர்ச்சுக்கு வருகிறவர் இல்லை. ஆனால் எங்கள் பாட்டுகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம், ஏனென்றால் சர்ச் கோபுரத்தில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கர் அவருடைய மொட்டை மாடியைப் பார்த்துத்தான் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது.

மதுரையிலிருந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை என் மனைவி குழாயைக் கேட்டுக்கொண்டே படுக்கையிலிருந்து பாடியிருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்தபோது பாட்டுப் புத்தகம் மூடிக் கிடந்தது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

"நீங்க இன்னைக்கு வாசிச்சீகளா?" என்றாள்.

"பின்ன? கை வலிக்க வாசிச்சேன்."

"ஒண்ணுமே கேக்கல. ரெண்டு வரி பாடுனேன், மூணாவது வரியில எல்லாரும் பாடுத மெட்டுக்குப் போயிட்டேன். எத்தன தடவ ஆரம்பிச்சாலும் அப்படித்தான். இனிமே எனக்குப் பாட்டு வேண்டாம்."

கால் உடைந்தபோதுகூட அவள் இப்படிப் பேசவில்லை. அடுத்த ஞாயிறு குழாய்ச் சத்தம் கேட்காமலிருக்க ஜன்னலைச் சாத்தச் சொன்னாள் என்று அக்கா சொன்னார். சாப்பாடு குறைந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது. எனக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. கால் சேர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது சேருமா என்று சொல்ல யாரும் இல்லை. அசனப் பண்டிகை வேறு வந்துகொண்டிருந்தது. சர்ச்சில் எல்லோருக்கும் சமைத்துப் போடுகிற பண்டிகை அது. அன்றைக்குப் பாடப் புதிதாக ஒரு பாட்டு எடுத்திருந்தோம். விழுவதற்கு முன்னால் அந்தப் பாட்டின் ஆல்டோவை மற்ற பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவள்தான். அந்த ஒரு பாட்டையாவது அவள் படுக்கையிலிருந்தே பாட வேண்டும் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

பாஸ் கேட்கவில்லை என்றால் பாஸைக் கூட்ட வேண்டும். இவ்வளவுதானே என்றுதான் நினைத்தேன். என் கிடார் பேட்டரி இல்லாத பழைய வகை. கம்பியின் அதிர்வை அதற்கு அடியில் இருக்கும் பிக்கப் எப்படி எடுக்கிறதோ அப்படியே ஒயர் வழியாக வெளியே அனுப்பிவிடும். இதற்குள்ளே ப்ரீஆம்ப் என்று ஒரு சின்ன சர்க்யூட்டை, பேட்டரியோடு வைத்துவிட்டால் சத்தத்தை அங்கேயே கூட்டிக் குறைத்து அனுப்பலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். ராஜபாளையம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து போனில் அதைப் பற்றித் தேட ஆரம்பித்தேன். அன்றைக்குப் போன நிம்மதி இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

இரண்டு நாப் வகை போதும் என்று ஒருவர் வீடியோவில் சத்தியம் செய்தார். மூன்று நாப் இல்லாத கிடார் கிடாரே இல்லை என்றார் இன்னொருவர். ஒரு பேட்டரி போட்டால் சத்தம் கரகரக்கும், இரண்டு போடு என்றது ஒரு குரல். இரண்டு போடுகிறவன் முட்டாள் என்று அதற்குக் கீழேயே ஒருவர் எழுதியிருந்தார். மூன்றாமவர், எதுவுமே போடாதே, உன் விரலைச் சரி செய் என்றார். அவரைத்தான் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒவ்வொருவரும் வாசித்துக் காட்டியதை நானும் ஹெட்போனில் கேட்டேன். எல்லாம் ஒரே மாதிரி நன்றாக இருந்தது. கேட்கக் கேட்க என் காதின் மேலேயே சந்தேகம் வந்தது. ஒரு நாள் பஞ்சு மார்க்கெட்டில் இறங்க வேண்டியவன் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்தேன்.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஆம்ப், மிக்ஸர், கீபோர்டு எல்லாம் விற்று ரிப்பேரும் பார்க்கிற பாய் ஒருவர் இருக்கிறார். என் கிடாருக்குக் கம்பி எப்போதும் அவரிடம்தான். கிடாரைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். முதுகில் இருந்த மூடியைக் கழற்றிப் பார்த்து, "இடம் எம்புட்டு கெடக்குப் பாருங்க, ஒரு குடும்பமே இருக்கலாம்" என்றார். ப்ரீஆம்ப் வேண்டும் என்றதும் அலமாரியிலிருந்து இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"இது ரெண்டு நாப்பு. இது மூணு நாப்பு, மிட்டும் இருக்கு. எது வேணும் அண்ணாச்சி?"

"எது நல்லது பாய்?"

"ரெண்டும் நல்லதுதான்."

"அப்ப எதை வைக்க?"

"அதான் நானும் கேக்கேன்."

இப்படியே கொஞ்ச நேரம் போனது. நடுவில் டீ வந்தது. மிட் என்றால் என்ன என்று கேட்டேன். அடியில் இருக்கும் பாஸுக்கும் உச்சியில் இருக்கும் ட்ரெபிளுக்கும் நடுவில் இருப்பது என்றார். நடுவில் இருப்பது எனக்கு எதற்கு? எனக்கு வேண்டியது அடியில் இருப்பது. என் மனைவிக்குக் கேட்காமல் போனதும் அதுதான். அதனால் இரண்டு நாப் சர்க்யூட்டைக் காட்டினேன். பாயும் நிம்மதியாக மூச்சு விட்டார். "வச்சுப் பாருங்க. ஒத்து வரலன்னா கொண்டாங்க, மாத்தித் தாரேன்" என்று சொல்லி, சால்டரிங் அயர்னைச் சூடாக்கிப் பொருத்திக் கொடுத்தார். பேட்டரி போனால் கிடார் ஊமையாகிவிடக் கூடாது என்று, பழையபடி நேராக வாசிக்கவும் ஒரு ஸ்விட்ச் வைத்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் சர்ச்சில் பயிற்சி. பாஸ் நாப்பை முழுக்கத் திருகி ஒரு தட்டு தட்டினேன். பெஞ்சு அதிர்ந்தது. காணிக்கைத் தட்டுகள் அடுக்கி வைத்திருந்த மேஜை கிடுகிடுவென்றது. எனக்குப் பெருமையாக இருந்தது. உடனே மனைவிக்குப் போன் போட்டு, "இப்பக் கேளு" என்று போனை நாற்காலியில் வைத்துவிட்டு வாசித்தேன்.

"கேக்குது" என்றாள். "நல்லாவே கேக்குது."

அவள் குரலில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. ஜன்னலைத் திறக்கச் சொல்கிறேன் என்றாள். மறுநாள் ஆராதனையில் நான் வாசித்த வாசிப்பில் முன்வரிசைக்காரர்கள் நெஞ்சைத் தடவிக்கொண்டார்கள். வீட்டுக்கு ஓடினேன். புத்தகம் மூடிக் கிடந்தது.

"நேத்துக் கேட்டுச்சு, இன்னைக்கு இல்ல" என்றாள். "அங்கங்க பர்ருன்னு ஏதோ சத்தம் வந்துச்சு, அம்புட்டுதான். என்னைய ஏமாத்த நேத்து என்ன பண்ணுனீக?"

நான் என்ன பண்ணினேன் என்று எனக்கே தெரியவில்லை. மாலையில் மைக் செட்டைப் பார்த்துக்கொள்கிற தம்பியிடம் போய் நின்றேன். அவர் வத்திராயிருப்புக்காரர். கான்சாபுரம் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களுக்கும் அவர்தான் செட் போடுவார்.

"நேத்து சாயங்காலம் குழாய் போடவே இல்லையேண்ணே" என்றார். "பயிற்சிக்கு எதுக்குக் குழாய்?"

அவள் கேட்டது போனில். நாற்காலியில் இருந்த போனுக்குள், என் விரல் கம்பியில் படுகிற சத்தம் போயிருக்கிறது. இதைக்கூட யோசிக்காமல் பெருமைப்பட்டிருக்கிறேன்.

"சரி, இன்னைக்குக் காலையில குழாய் போட்டீங்கள்ல? அதுலயும் ஏன் கேக்கல?"

"குழாய்க்குப் போற லயன்ல பாஸை எப்பவும் சுத்தமா அடைச்சிருவேன்ணே. விட்டா குழாய்க்குள்ள இருக்க காயில் கருகிரும். கொடை வீட்டுலயும் அப்படித்தான், இங்கயும் அப்படித்தான். இன்னைக்கு நீங்க தட்டுன தட்டுக்கு அதையும் மீறி பர்ருன்னுச்சு, பயந்து இன்னும் கொறச்சிட்டேன்."

"இத்தன வருசமாவா?"

"ஆமா. யாரும் கேக்கலயே."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். இத்தனை வருஷம் தெரு முழுக்க நான் வாசித்தது கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டீக்கடையில் யாராவது "நேத்துப் பாட்டு பிரமாதம்" என்றால் தலையாட்டி ஏற்றுக்கொண்டிருக்கிறேன். தெருவில் ஒருத்தருக்கும் என் பாஸ் போய்ச் சேர்ந்ததே இல்லை. "குழாய்ல பாஸ் வராதுண்ணே, அதோட குணம் அது" என்று அவர் சமாதானமாகச் சொன்னார். அப்படியானால் பாஸைக் கூட்டக் கூட்ட அவர் இன்னும் அடைக்கத்தானே செய்வார்? எதைக் கூட்டினால் கேட்கும்? பாஸ் இல்லாத பாஸ் என்று ஒன்று உண்டா? அன்றைக்குச் சோறு எனக்கும் இறங்கவில்லை.

திங்கள்கிழமை கிடாரோடு பாயிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முதுகு மூடியைக் கழற்றினார். "எனக்கும் புரியல அண்ணாச்சி. கூடக் கொஞ்சம் நாப் இருந்தா எதையாவது திருகிப் பாக்கலாம்ல" என்று மூன்று நாப் சர்க்யூட்டை வைத்துவிட்டார். அதில் மிட்டுக்கு என்று தனியாக ஒரு ஸ்விட்ச் வேறு. மேலே தள்ளினால் ஒரு மாதிரி மிட், கீழே தள்ளினால் வேறு மாதிரி மிட். எது எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றிரவே கிடார் செத்துவிட்டது. சர்க்யூட் கருகிவிட்டது என்றே நினைத்தேன். பிறகுதான், நான் வாரம் முழுக்க வைத்திருந்தது மாதிரி ஒயரைப் பிடுங்காமல் வைத்தால் பேட்டரி தானே தீர்ந்துபோகும் என்று போனில் படித்தேன். பேட்டரியைக் கழற்றி நாக்கில் வைத்துப் பார்த்தேன். சுரணையே இல்லை. கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "ருசியா இருக்கா?" என்றாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் செய்த கேலி அது. அப்போதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதை அவளிடம் சொன்னேன்.

"போனை நம்பாதீக" என்றாள். "சர்ச் பக்கவாசல்ல நின்னா நம்ம வீட்டு ஜன்னல் தெரியும்ல? எனக்குக் கேட்டா கட்டில் பக்கத்து ஸ்விட்சத் தட்டி லைட்டப் போடுதேன். கேக்கலன்னா அமத்திருதேன்."

அடுத்த சனிக்கிழமை, இருட்டத் தொடங்குகிற நேரம். மைக் செட் தம்பியைக் கெஞ்சிக் குழாயைப் போட வைத்தேன். நீளமான ஒயரை மாட்டிக்கொண்டு பக்கவாசலில் நின்றேன். புதுப் பாட்டின் பாஸை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். பாஸ் நாப்பைக் கூட்டினேன். ஜன்னல் இருட்டாகவே இருந்தது. ட்ரெபிளைக் கூட்டினேன், இருட்டு. சட்டென்று லைட் எரிந்தது. கத்தாத குறைதான். நாப் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்து மனதில் குறித்துக்கொண்டேன். அப்போது ஜன்னலில் பக்கத்து வீட்டு அக்காவின் தலை தெரிந்தது. காபி கொண்டுவந்தவர் லைட்டைப் போட்டிருக்கிறார். உடனே லைட் அணைந்தது. இருட்டில் அக்கா என்ன நினைத்தாரோ.

கடைசியாக மிட் மட்டும் மிச்சம் இருந்தது. ஸ்விட்சை மேலே தள்ளித் திருகினேன், ஒன்றும் இல்லை. கீழே தள்ளி முக்கால்வாசி திருகினேன். ஜன்னலில் டியூப் லைட் இரண்டு தரம் கண் சிமிட்டி எரிந்தது. குறைத்தேன். அணைந்தது. கூட்டினேன். எரிந்தது. மறுபடி குறைத்தேன், மறுபடி அணைந்தது. கோபுரத்தில் நின்ற குழாயையே பார்த்தேன். ஏதோ ஒன்று என் கையிலிருந்து அந்தக் குழாய் வழியாக அவள் வரைக்கும் போகிறது. ஆனால் சர்ச்சுக்குள் ஆம்பில் வந்த சத்தம் சகிக்கவில்லை. கனம் இல்லை, இனிமை இல்லை. மூக்கால் பேசுகிற சத்தம்.

பாடகர் குழுத் தலைவர் ஸ்கூல் வாத்தியார், நிதானமானவர். அவரே எழுந்து வந்துவிட்டார். "அண்ணாச்சி, என்ன இது? தகர டப்பாவத் தட்டுத மாதிரி இருக்கு. பண்டிகையில இப்படி வாசிச்சா ஊரே சிரிக்கும். பழையபடி வைங்க."

அவர் சொன்னது சரிதான். என் காதுக்கும் அது தப்பாகத்தான் பட்டது. சர்ச்சுக்குள் இருக்கும் அத்தனை பேருக்கும் நல்லதாகப் படுவது படுக்கையில் இருக்கும் ஒருத்திக்குக் கேட்காது. அவளுக்குக் கேட்பது இங்கே யாருக்கும் பிடிக்காது. அவரிடம் சரி என்று தலையாட்டினேன். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்திரியைக் கிழித்து, மிட் நாப் அந்த இடத்தைவிட்டு நகராதபடி மேலே ஒட்டினேன். எதற்குத் தலையாட்டினேன், எதற்கு ஒட்டினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அசனப் பண்டிகையன்று பேட்டரியைப் புதிதாக மாற்றினேன். மற்ற எல்லாப் பாட்டுக்கும் பாய் வைத்த ஸ்விட்சைத் தட்டி, பேட்டரி இல்லாத பழைய சத்தத்திலேயே வாசித்தேன். வாத்தியார் திருப்தியாக என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். புதுப் பாட்டு வந்தது. ஆல்டோ பெண்கள் எழுந்தார்கள். ஆம்ப் பக்கத்து இடம் காலியாக இருந்தது. ஸ்விட்சை மாற்றினேன்.

முதல் வரியிலேயே வாத்தியார் கழுத்தைத் திருப்பினார். ஆண்கள் வரிசையில் ஒருவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். அவளுக்குக் கேட்கிறதா, ஜன்னல் திறந்திருக்கிறதா, தம்பி பயந்து எதையாவது அடைத்துவிட்டாரா, ஒன்றும் தெரியவில்லை. பகல் வெளிச்சத்தில் டியூப் லைட்டைப் பார்க்கவும் வழியில்லை. சரணம் சரணமாக அந்த மூக்கடைத்த சத்தத்தைக் கடைசி வரை வாசித்தேன். முடிந்ததும் வாத்தியார் என் பக்கமே வரவில்லை.

பந்தி தொடங்கியதும் தூக்குவாளியில் அசனச் சோறும் குழம்பும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். கேட் பக்கத்தில் பக்கத்து வீட்டு அக்கா எனக்காகவே காத்திருந்தார். முகம் கலவரமாக இருந்தது.

"தம்பி, செத்த நில்லு. உன் வீட்டுக்காரிக்கு என்னமோ ஆயிப்போச்சுப்பா. அந்தப் புதுப் பாட்டு வந்துச்சுல்ல? குழாய்ல ஒரு ராகம் போகுது, இவ வேற ராகத்துல பாடுதா. முழுப் பாட்டும் அப்படியேதான். நானும் பக்கத்துல உக்காந்து சரியா பாடிக் காட்டுனேன். ஏட்டி, தப்பா பாடுதியேன்னு சொல்லியும் பாத்தேன். அவ என் பக்கம் திரும்பவே இல்ல. கண்ண மூடிக்கிட்டு, கையால கட்டில்ல தாளம் போட்டுக்கிட்டு, கடைசி வரைக்கும் தப்பாவே பாடுதா. அன்னைக்கும் லைட்டப் போட்டு அமத்திக்கிட்டே இருந்தா. மதுரைக்குப் போயி டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுரு."

தூக்குவாளியோடு கேட்டிலேயே நின்று அழுதுவிட்டேன். அக்கா இன்னும் பயந்துபோனார்.

உள்ளே அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம் விரிந்திருந்தது. நான் சோற்றைத் தட்டில் போட்டுக் கொடுத்தேன். பசியோடு சாப்பிட்டாள்.

"கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாவே இல்ல. சளி பிடிச்சவர் பேசுத மாதிரி இருந்துச்சு." இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னாள். "அத மாத்திராதீக."

பிளாஸ்திரி இன்னும் அந்த நாப் மேலேதான் இருக்கிறது. மற்ற நாப்களை இப்போதும் அவ்வப்போது திருகிப் பார்க்கிறேன்.